குழந்தையின் உடலில் சேரும் கதிர்களுக்குக் கணக்கு எழுதுபவர் யார்?

புற்றுநோயுடன் போராடும் ஒரு குழந்தை எத்தனை தடவை சி.ரி. ஸ்கான் இயந்திரத்தினுள் சென்று வந்தது என்பதைப் பெற்றோர் ஓரளவுக்கு நினைவில் வைத்திருப்பர். ஆனால், ஒவ்வொரு தடவையும் அதன் உடல் எவ்வளவு கதிர்வீச்சைப் பெற்றது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. குழந்தைக்குக் கொடுக்கப்படும் மருந்து மில்லிகிராம் கணக்கில் கோவையில் எழுதப்படுகிறது. கதிர் மட்டும் நெடுங்காலமாக எழுதப்படாமலே வந்தது. அதற்கான காரணத்தை அறிய வேண்டுமானால் 1950களின் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

அக்காலத்தில் இரத்தப் புற்றுநோயால் இறக்கும் குழந்தைகளின் தொகை அதிகரித்துவந்ததை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துறையில் பணியாற்றிய டொக்டர் அலிஸ் ஸ்டுவார்ட் கவனித்தார். காரணம் தெரியாதபோது தாய்மாரிடமே கேட்டுப் பார்ப்பது என்று அவர் முடிவுசெய்தார். கையிலிருந்த பணம் ஆயிரம் பவுண் மாத்திரமே. அதுவும், இரத்தப் புற்றுநோயால் மறைந்த மெஹெர்பாய் டாட்டாவின் நினைவாக இந்தியாவின் டாட்டா குடும்பத்தினர் நிறுவிய நிதியத்திலிருந்து கிடைத்தது. 1953 முதல் 1955 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடமும், நலமாக வாழும் குழந்தைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விக்கொத்து கொடுக்கப்பட்டது. கர்ப்பகாலத்தில் வயிற்றுப் பகுதியில் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்பது அதிலிருந்து தெரியவந்தது. முதற்குறிப்பு 1956இல் 'லான்செட்' சஞ்சிகையிலும், முழு ஆய்வு 1958இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலும் வெளியாகின.

மருத்துவ உலகம் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாய் கர்ப்பகாலத்தில் நடந்தவற்றையெல்லாம் துருவித்துருவி நினைத்துப் பார்ப்பாள், நலமான குழந்தையின் தாய்க்கு அந்த அவசியம் இல்லை, எனவே தாய்மாரின் நினைவை நம்பமுடியாது என்பதே பிரதான ஆட்சேபம். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிப் புகழ்பெற்ற றிச்சர்ட் டோலும் அவரது சகாக்களும் 1960இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. ஆனால், 1962இல் அமெரிக்காவின் பிரையன் மக்மஹோன் தாய்மாரின் நினைவை விட்டுவிட்டு வைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டினார். 37 வைத்தியசாலைகளில் பிறந்த ஏழு இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பற்றிய அந்த ஆய்வில், எக்ஸ்ரேக்கு உட்பட்ட கருவில் வளர்ந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 40 சதவீதம் அதிகமெனத் தெரிந்தது. நினைவால் தீராத வழக்கை ஏடு தீர்த்துவைக்கத் தொடங்கியது. 1997இல் டோலும் றிச்சர்ட் வேக்ஃபோர்டும் இணைந்து எழுதிய கட்டுரை, கருவிலிருக்கும் சிசுவுக்கு 10 மில்லிகிரே அளவிலான கதிர்வீச்சே ஆபத்தைக் கூட்டும் என்று ஒப்புக்கொண்டது. ஸ்டுவார்ட்டின் முதற்குறிப்பு வெளிவந்து அப்போது 41 ஆண்டுகள் கடந்திருந்தன. 2002இல் காலமான அந்த அம்மையார் அதனைக் காண உயிருடன் இருந்தார் என்பது ஓர் ஆறுதல்.

இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே புதிய இயந்திரம் வந்துவிட்டது. 1971 ஒக்டோபர் முதலாம் திகதி லண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு பெண்ணின் மூளை சி.ரி. ஸ்கான் மூலம் படமெடுக்கப்பட்டது. அதனை வடிவமைத்த கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979இல் அலன் கோமக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மண்டையோட்டைத் திறக்காமலே கட்டியைக் காணமுடிந்தது. சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. 1990களில் வேகமான சுருள்முறை இயந்திரங்கள் வந்ததும், அசையாமல் கிடக்கமுடியாத குழந்தைகளையும் சில விநாடிகளில் படமெடுப்பது இலகுவாயிற்று. ஸ்கான்களின் எண்ணிக்கையும் பெருகியது.

2001இல் அமெரிக்கக் கதிரியல் சஞ்சிகையொன்று இரு கட்டுரைகளை ஒருசேர வெளியிட்டது. வளர்ந்தவர்களுக்குரிய அளவுகளிலேயே குழந்தைகளும் ஸ்கான் செய்யப்படுகிறார்கள் என்றது ஒன்று. அமெரிக்காவில் ஓராண்டில் தலை அல்லது வயிற்று ஸ்கானுக்கு உட்படும் 15 வயதுக்குக் குறைந்த ஆறு இலட்சம் சிறுவர்களில் சுமார் 500 பேர் அக்கதிர்வீச்சால் பிற்காலத்தில் புற்றுநோய்கண்டு இறக்கக்கூடும் என மதிப்பிட்டது டேவிட் பிறெனரும் சகாக்களும் எழுதிய மற்றையது. பத்திரிகைகள் அதை முதற்பக்கத்தில் போட்டன. பெற்றோர் பதறினர். 2008இல் கதிரியல் மருத்துவர்களே முன்னின்று, குழந்தைகளுக்கு மென்மையாகப் படமெடுங்கள் என்ற இயக்கத்தை ஆரம்பித்தனர்.

எனினும், 2001இன் கணக்கு ஒரு மதிப்பீடே. நேரடிச் சான்று 2012இல் பிரித்தானியாவிலிருந்து வந்தது. 1985 முதல் 2002 வரை ஸ்கான் செய்யப்பட்ட ஏறத்தாழ 1,80,000 இளவயதினரைத் தொடர்ந்த அந்த ஆய்வு, உடலில் சேரும் அளவு 50 மில்லிகிரேயை எட்டும்போது இரத்தப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்காகலாம் என்றது. மூடியிருக்கும் நோயைத் தேடித்தானே ஸ்கான் செய்யப்படுகிறது, நோயே ஸ்கானுக்குக் காரணமாயிருக்கலாம் அல்லவா என்ற நியாயமான கேள்வி எழுந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஒன்பதரை இலட்சம் பேரளவில் உள்ளடக்கி 2023இல் வெளியான ஆய்வு பெரும்பாலும் அதற்குப் பதிலளித்தது. ஒரு ஸ்கானுக்கு உட்படும் 10,000 சிறுவர்களில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அதனால் இரத்தம் சார்ந்த புற்றுநோய் வரலாம் என்பது அதன் முடிவு. தனியொரு குழந்தைக்கு இது மிகச் சிறிய ஆபத்தே.

இங்குதான் வாசகர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2012இன் பிரித்தானிய ஆய்வு ஏற்கெனவே புற்றுநோய் கண்டவர்களை விலக்கிவிட்டே கணக்குப் பார்த்தது. ஸ்கானால் வந்த நோய் எது, முன்னரே இருந்த நோய் எது என்று பிரித்தறிய அது அவசியம். ஆனால், அதன் விளைவு என்ன? நோயைக் கண்டறிய, சிகிச்சையின் பலனை அளக்க, நோய் மீண்டுவிட்டதா எனப் பார்க்க என்று மீண்டும் மீண்டும் ஸ்கான் செய்யப்படும் குழந்தை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. போதாக்குறைக்கு, அதன் சிகிச்சையான கதிர் மருத்துவத்துக்கும் சில மருந்துகளுக்குமே இரண்டாவது புற்றுநோயை உண்டாக்கும் இயல்பு உண்டு.

அந்தக் குழந்தைக்கு ஸ்கான் உயிர்காக்கும் கருவி என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எல்லா ஸ்கானும் அத்தகையதா என்பதே கேள்வி. ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட 216 சிறுவர்கள், இளையோர் பற்றி 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 25 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அவர்களில் 19 பேரின் நிலையை அறிகுறிகளும் உடற்பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையுமே காட்டிக்கொடுத்தன. முதலாண்டுக்குப் பின்னர் வழமையான ஸ்கானால் மாத்திரம் கண்டுபிடிக்கப்பட்டோர் நால்வரே.

அப்படியானால் கணக்கு எழுதலாமே எனலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரத்தின் திரையில் தோன்றும் இலக்கம் குழந்தை பெற்ற அளவன்று. அது 16 அல்லது 32 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்ரிக் உருளை பெற்றிருக்கக்கூடிய அளவு. பெரிய உருளையின் கணக்கில் காட்டப்படும் இலக்கத்தைப்போல் இருமடங்குக்கும் மேலாக ஒரு சிறு குழந்தையின் உடல் பெற்றிருக்கலாம். உடலின் பருமனுக்கேற்ப அதனைத் திருத்தும் முறையை அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2011இல் தான் வெளியிட்டது. கலிபோர்னியாவில் ஒரு சிறுவன் ஒரு மணித்தியாலத்துக்கும் அதிகமாக ஸ்கான் செய்யப்பட்ட விபரீதமும் வேறு சம்பவங்களும் அம்பலமானதையடுத்து, ஒவ்வொரு ஸ்கானின் அளவையும் பதியவேண்டும் என்ற சட்டம் அங்கு 2010இல் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இன் பணிப்புரையில் அதனை வலியுறுத்தியது.

சேர்ந்துவரும் மொத்தக் கணக்கை வைத்து அடுத்த ஸ்கானைத் தீர்மானிக்கக்கூடாது என அமெரிக்காவின் கதிரியல், மருத்துவ பௌதிகவியல் அமைப்புகள் 2021இல் கூட்டாகக் கூறின. இன்று தேவையான படத்தை நேற்றைய கணக்கைக் காட்டி மறுப்பது குழந்தையைக் கொன்றுவிடும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால், கணக்கு எழுதுவது மறுப்பதற்காக அன்று. நேற்று வேறொரு வைத்தியசாலையில் எடுத்த படத்தை இன்று மீண்டும் எடுக்காதிருப்பதற்கும், குழந்தை வளர்ந்து முப்பது வயதை எட்டும்போது அதன் மருத்துவருக்கு உண்மையைச் சொல்வதற்குமே அது தேவை.

யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமவுக்கும் சென்னைக்கும், அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் குடும்பங்கள் இடம்பெயரும் நமது சமூகத்தில் படங்களும் அறிக்கைகளும் வழியிலேயே தவறிப்போவது இலகு. எனவே பெற்றோர் கூச்சமின்றிக் கேட்கலாம்: இந்த ஸ்கானின் முடிவு சிகிச்சையை மாற்றுமா? அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. போதுமா? இயந்திரம் குழந்தையின் பருமனுக்கேற்ப அமைக்கப்பட்டுள்ளதா? அளவு அறிக்கையில் எழுதப்படுமா? பதிலை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதிவைத்தாலே போதும். தாய்மாரின் நினைவை நம்பமாட்டோம் என்று சொன்ன மருத்துவ உலகம், தாய் எழுதிவைத்த ஏட்டை அவ்வளவு இலகுவில் ஒதுக்கிவிடமுடியாது.