சுமாக்கும் ஆவாரையும்

கல்லூரி நூலகம் ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். 19-ஆம் நூற்றாண்டின் தோல் பைண்டிங் புத்தகங்களைத் தொட்டால் செங்கல் பொடி மாதிரி கையில் ஒட்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'ரெட் ராட்' என்று பெயர். இதன் கதையில் இரண்டு செடிகள் வருகின்றன. ஒன்று நம் ஊர் ஆவாரை. மற்றொன்று, ஓய்வுக்குப் பின் மகள் வீட்டுக்குக் கனடா போனபோது நான் பார்த்த சுமாக்.

ஒன்டாரியோவில் சாலையோரமெல்லாம் சுமாக் புதர்தான். நம் மாமரமும் முந்திரியும் இதன் குடும்பம். கிளை நுனியில் குங்கும நிறத்தில், ரோமம் மூடிய காய்க்கொத்து நிமிர்ந்து நிற்கும். கோடை முடிகிற சமயத்தில் கொத்தைப் பறித்து, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, துணியில் வடிகட்டிச் சர்க்கரை சேர்த்தால் எலுமிச்சை சாறு போன்ற பானம் கிடைக்கும். வெந்நீர் ஊற்றினால் துவர்ப்பு இறங்கிவிடும். பெருமழைக்குப் பிறகு பறித்தால் புளிப்பு கரைந்து போயிருக்கும். சதுப்பு நிலத்தில் வெள்ளைக் காய் தொங்கும் சுமாக் விஷம். அதைத் தொடவே கூடாது. மாங்காய், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் சிவப்புச் சுமாக்கையும் தவிர்ப்பது நல்லது.

அங்குள்ள பூர்வகுடிகள் இதைப் பானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தண்டின் நடுவில் இருக்கும் மெத்தென்ற சோற்றைத் தள்ளிவிட்டுப் புகைக்குழாய் செய்தார்கள். இலையைப் புகையிலையோடு கலந்து புகைத்தார்கள். தென்மேற்கில் வேறொரு வகைச் சுமாக்கின் குச்சியில் கூடை முடைந்தார்கள். மேப்பிள் மரத்தில் பால் இறக்கும் குழாயாகவும் அந்தத் துளைத்த தண்டு உதவியது.

மத்தியதரைக்கடல் பக்கத்துச் சுமாக்கின் பெருமை இலையில் இருந்தது. சிசிலியில் அதைக் காயவைத்துப் பொடித்து, ஆட்டுத்தோல் பதனிட ஐரோப்பா முழுவதும் அனுப்பினார்கள். தாவரவியல் பெயரில் உள்ள 'கோரியாரியா' என்ற சொல்லே தோலைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்ததுதான். 'மொராக்கோ' என்ற உயர்ந்த பைண்டிங் தோல் சுமாக்கில் பதனிட்டது.

அதே வேலையைச் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை செய்தது. காட்டிலும் தரிசிலும் பட்டை உரித்து வந்து விற்பது ஏழைகளின் பிழைப்பு. அதில் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக லண்டன் போயிற்று. அந்த ஆட்டுத்தோலுக்கு அங்கே 'பெர்சியன்' என்று வியாபாரப் பெயர். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! விலை மலிவு என்பதால் பைண்டர்கள் விரும்பி வாங்கினார்கள்.

புத்தகங்கள் உதிரத் தொடங்கியதும், லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1900-ல் ஒரு குழு அமைத்தது. 1901-ல் வந்த அறிக்கை, பைண்டிங்குக்குச் சுமாக்கில் பதனிட்ட தோலே சிறந்தது என்றது. நம் கிழக்கிந்தியத் தோலை மோசமான வரிசையில் வைத்தது.

ஆவாரைதான் குற்றவாளியா? ஓரளவுக்கு உண்மை. துவர்ப்புச் சத்தில் இரண்டு இனம் உண்டு. ஆவாரையின் இனம் வெளிச்சம் பட்டால் சிவக்கும். காற்றிலுள்ள கந்தகப் புகையை இழுத்து அமிலமாக்கிக்கொள்ளும். சுமாக்கும் நம் கடுக்காயும் இன்னோர் இனம். அமிலத்தை நன்றாகத் தாங்கும். நம் தொழிலாளிகளுக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் அனுபவம் தெரியும். ஆவாரையில் பதனிட்ட பின் தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பது அவர்கள் வழக்கம்.

ஆனால் அந்த அறிக்கையே இன்னொன்றையும் சொல்கிறது. பளிச்சென்ற நிறம் வரவேண்டும் என்று சாயத்தில் கந்தக அமிலம் சேர்த்தது ஐரோப்பியத் தொழிற்சாலைகள். நூலகங்களில் கந்தகப் புகை விட்டது அவர்களுடைய காஸ் விளக்கு. கவலை இறைக்கும் சாலுக்கும் செருப்புக்கும் உழைத்த தோலைக் கொண்டுபோய், நூறு வருடம் அலமாரியில் நிற்கவேண்டிய புத்தகத்துக்குப் போர்த்தியது மலிவு பார்த்த வியாபாரம். பழியில் பாதிக்குமேல் இவர்களுக்குத்தான் சேரவேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தோல் பைண்டிங் இருந்து, அது உதிர ஆரம்பித்திருந்தால், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். போனது திரும்பாது. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளேயிருக்கும் எழுத்தாவது பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.