நுழைவுக் கட்டணம் மட்டும்தானா தடை?

சதுரங்கப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனிதர் ஆடாமல் கணினிகளே மோதிக்கொண்ட உலகப் போட்டிக்கும் கட்டணம் இருந்தது, அதிலும் ஆளுக்கொரு விகிதம் இருந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. பணிக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் பயணப்படி பில்களோடு மல்லுக்கட்டியவன் நான். அதனால் இந்தப் போட்டிகளின் வரலாற்றைப் படிக்கும்போது யார் ஜெயித்தார் என்பதைவிட, யார் செலவில் வந்தார் என்பதில்தான் என் கண் போகிறது.

1970-ல் நியூயார்க்கில் நடந்த முதல் வட அமெரிக்கப் போட்டியில் கலந்துகொண்டவை ஆறே ஆறு நிரல்கள். 1974-ல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகப் போட்டி. பதின்மூன்று நிரல்கள் வந்தன. வென்றது சோவியத்தின் 'கைஸ்ஸா'. அது ஓடிய கணினி மாஸ்கோவிலேயே இருந்தது. நகர்வுகள் தொலைபேசியில் போய் வந்தன. அந்தக் காலத்தில் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு பல்கலைக்கழகமோ அரசு நிறுவனமோ தன் பெரிய கணினியில் இடம் கொடுத்தால்தான் உள்ளே வரவே முடியும். அதுதான் முதல் தகுதி.

1980-ல் லண்டனில் மைக்ரோ கணினிகளுக்கான உலகப் போட்டி தொடங்கியதும் நிலைமை மாறியது. சதுரங்கக் கணினி விற்கும் நிறுவனங்கள் களத்தில் இறங்கின. மியூனிக் நகரத்து 'மெஃபிஸ்டோ' அந்தப் பத்தாண்டில் வரிசையாகப் பட்டம் வென்றது. 'உலக சாம்பியன்' என்ற சொல் கடையில் பொருளை விற்றுக் கொடுக்கும் என்றால், அந்தப் போட்டி அவர்களுக்கு விளம்பரச் செலவுதானே? எனவே பொழுதுபோக்காக எழுதுபவருக்குக் குறைந்த கட்டணம், விற்பவருக்குப் பல மடங்கு என்று வைத்தது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கோடு எங்கே போடுவது? ஸ்டெஃபான் மேயர்-காலன் 1993-ல் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய 'ஷ்ரெடர்', 1996-ல் ஜகார்த்தாவில் மைக்ரோ கணினிப் பட்டம் வென்று, பிறகு பெயர்பெற்ற விற்பனைப் பொருளானது. இன்றைய மாணவன் நாளைய வியாபாரி.

உண்மையான செலவு வேறிடத்தில் இருந்தது. நிரலின் சார்பில் ஓர் ஆள் நேரில் வந்து உட்கார வேண்டும் என்பது விதி. ஜகார்த்தா, 2005-ல் ரெய்க்யாவிக், 2008-ல் பெய்ஜிங், 2010-ல் ஜப்பானின் கனசாவா என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. விமானச் சீட்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டல் வாடகை, அலுவலகத்தில் விடுப்பு. இவற்றின் முன்னால் கட்டணச் சலுகை எம்மாத்திரம்? சம்பளக்காரர் ஒருவர் இரவில் கண்விழித்து எழுதிய நிரல் எத்தனை நன்றாக ஆடினாலும், வீட்டிலேயேதான் இருக்கும்.

அடுத்தது இயந்திரம். 1983-லும் 1986-லும் உலகப் பட்டம் வென்ற 'க்ரே பிளிட்ஸ்' ஓடியது க்ரே சூப்பர் கணினியில். வென்றது நிரலா, இயந்திரமா என்ற கேள்வி அப்போதே எழத்தான் செய்யும். 2009-ல் பாம்ப்லோனாவில் எட்டுக் கோர்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மறு ஆண்டு, எல்லோரும் ஒரே மாதிரிக் கணினியில் ஆடும் தனிப் போட்டியையும் சேர்த்தார்கள். பல கணினிகளை இணைத்து ஆட வைப்பதும் ஒரு திறமைதானே என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது தகுதி, சொந்தச் சரக்காக இருக்க வேண்டும் என்பது. 2007 முதல் 2010 வரை வென்ற 'ரிப்கா'வில் 'க்ராஃப்டி', 'ஃப்ரூட்' ஆகியவற்றின் நிரல் கலந்திருக்கிறது என்று சொல்லி, 2011-ல் பட்டங்களைப் பறித்தார்கள். அதை எழுதியவர் மறுத்தார். போட்டி நடக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான்கு பட்டங்களுக்குப் பிறகு கேட்டதால், இரண்டாம் இடத்தில் வந்தவர்களுக்குக் காலம் கடந்த நீதிதான் கிடைத்தது.

இதற்கிடையே 2010-ல் மார்ட்டின் தொரெசென் இணையத்தில் 'டிசெக்' போட்டியைத் தொடங்கினார். பயணம் கிடையாது, தொடக்கத்தில் எல்லா நிரலும் ஒரே கணினியில் ஆடின. அது பல பிரிவுகளாக வளர்ந்தது. கீழ்ப் பிரிவில் ஜெயித்தால் மேலே போகலாம், மேலே தோற்றால் இறங்க வேண்டும். பலர் கூடி இலவசமாக வளர்த்த 'ஸ்டாக்ஃபிஷ்' அங்கே கொடிகட்டிப் பறந்தது. அது வராத உலகப் போட்டியில் பட்டத்தின் மதிப்பு மெல்லக் கரைந்தது. 2024-ல் ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் ஐம்பது ஆண்டு வரலாறு முடிந்தது.

இழப்பு இல்லாமல் இல்லை. எழுதியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, தோற்றபின் காபி குடித்துக்கொண்டே நுணுக்கம் பேசிய காலம் போய்விட்டது. ஆனாலும் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கட்டணத்தைக் குறைத்துவிட்டோம் என்று போட்டி நடத்துபவர் மன நிறைவு அடைந்துவிடக் கூடாது. வாசல்வரை வந்து சேர ஒருவருக்கு என்ன செலவாகிறது என்பதையும் கூட்டிப் பார்த்தால்தான் அது நியாயக் கணக்கு.