ஜி.ஏ. – சாட்பாட்டுக்கு முன்னாடி ஒரு கதை

இன்னைக்கு எபிசோட் சாட்பாட் பத்தினது. ஆனா சாட்ஜிபிடியில ஆரம்பிக்கப் போறதில்லை. 1964-ல, அமெரிக்காவோட கலிபோர்னியாவுல, காது கேளாத மூணு பேர்கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம். அப்பதான், இன்னைக்கு ஒரு வங்கி வெப்சைட்ல ஓரமா மிதக்கிற அந்த வட்ட ஐகான் ஏன் பல பேருக்கு மூடின கதவா இருக்குன்னு புரியும்.

முதல்ல பின்னணி. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் டெலிபோனுக்கு பேடண்ட் வாங்கினது 1876-ல. அவரோட அம்மாவுக்கும் காது சரியா கேட்காது, மனைவிக்கும் கேட்காது. அவரே காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர். அப்படிப்பட்டவர் செஞ்ச கருவிதான் காது கேளாதவங்களை ரொம்ப காலத்துக்கு வெளிய நிறுத்தி வச்சது. ஊர்ல எல்லாரும் போன்ல பேசிப் பழகின பிறகு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், வேலை விசாரிப்பு, ராத்திரி நேரத்துல அவசரம், எல்லாமே போன் வழியா ஆயிடுச்சு. போன் இல்லாத உலகத்துல அவங்க மத்தவங்களுக்கு சமமாத்தான் இருந்தாங்க. எல்லாரும் நேர்லயோ கடிதத்துலயோ பேசினாங்க. போன் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போய் "எனக்காக ஒரு கால் பண்ணுங்க"ன்னு கேட்க வேண்டியதாச்சு. புது டெக்னாலஜி ஒரு குறையைப் புதுசா உண்டாக்கவும் முடியும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

88 வருஷம் கழிச்சு இதுக்கு ஒரு வழி வந்தது. ராபர்ட் வைட்பிரெக்ட் ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல வேலை பார்த்த இயற்பியலாளர். காது கேட்காது, ஆனா ஹாம் ரேடியோ பைத்தியம். டெலிடைப் மெஷினை ரேடியோவோட இணைச்சு, டைப் பண்ணியே மத்த ஹாம் ஆளுங்களோட பேசிட்டிருந்தார். ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ்னு காது கேளாத ஒரு பல் மருத்துவர், பசடேனாவுல இருந்தவர், "இதையே போன் லைன்ல பண்ண முடியாதா?"ன்னு கேட்டார். ஆண்ட்ரூ சாக்ஸ்ங்கற இன்ஜினியர் மூணாவதா சேர்ந்தார்.

டெலிடைப் ஒண்ணும் புதுசு இல்லை. செய்தி நிறுவனங்களும் பெரிய கம்பெனிகளும் டெலக்ஸ் வச்சிருந்தாங்க. ஆனா அதுக்குத் தனி லைன் வேணும், அது சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுல இருக்கிற போன் லைன்லயே போகணும்னா ஏடி அண்ட் டி கம்பெனி குறுக்க நின்னது. தன்னோட லைன்ல வேற யாரோட கருவியையும் வயர் போட்டு இணைக்கக் கூடாதுங்கறது அவங்க விதி. வைட்பிரெக்ட் பண்ணினது ஒரு அழகான ஹேக். ரிசீவரை எடுத்து ஒரு பெட்டி மேல படுக்க வச்சாங்க. டைப் பண்ற எழுத்தை அந்தப் பெட்டி சத்தமா மாத்தும், அந்தப் பக்கத்துப் பெட்டி அந்த சத்தத்தைக் கேட்டு மறுபடி எழுத்தா மாத்தும். வயரே தொடலை, விதியும் மீறலை. முதல் முயற்சிகள்ல லைன்ல வர்ற எதிரொலி எழுத்தைக் கலைச்சு, பேப்பர்ல கண்டதெல்லாம் அச்சாச்சு. அதையும் சரி பண்ணி, 1964 மே மாசத்துல ரெண்டு காது கேளாதவங்க நடுவுல யார் உதவியும் இல்லாத ஒரு முழு போன் உரையாடல் நடந்தது.

இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விவரம் இருக்கு. அந்த மெஷின்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல டைப் பண்ணா எழுத்து கலைஞ்சுடும். அதனால ஒரு மரியாதை உருவாச்சு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சதும் கடைசியில "ஜி.ஏ."ன்னு அடிக்கணும். கோ அஹெட், இப்ப நீங்க சொல்லுங்கன்னு அர்த்தம். மொத்தப் பேச்சும் முடிஞ்சா "எஸ்.கே.". யார் முறை, பேச்சு முடிஞ்சதா இல்லையா, இந்த ரெண்டும் எழுத்துலயே தெரிஞ்சிடும். முகத்தைப் பார்க்க வேண்டாம், குரலைக் கேட்க வேண்டாம். இந்த ஜி.ஏ.வை மனசுல வச்சுக்கோங்க, மறுபடி வருவோம்.

அதே வருஷங்கள்ல நாட்டோட மறுகோடியில, எம்.ஐ.டி.யில ஜோசஃப் வைசன்பாம் எலைசாங்கற புரோகிராமை எழுதிட்டிருந்தார். 1966-ல அதைப் பத்தின கட்டுரை வந்தது. உலகத்தோட முதல் சாட்பாட்னு நாம எல்லாரும் சொல்றது அதைத்தான். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல தொடர்பு இருந்ததுன்னு நான் சொல்ல வரலை. ஆனா வடிவம் ஒண்ணுதான் பாருங்க. டைப்ரைட்டர் மாதிரி ஒரு டெர்மினல், நீங்க ஒரு வரி அடிப்பீங்க, காத்திருப்பீங்க, பதிலா ஒரு வரி வரும். மேல இருந்து கீழ, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. அவ்வளவுதான் இன்டர்ஃபேஸ்.

பார்வையற்றவங்களுக்குக் கம்ப்யூட்டர் முதல்ல கை கொடுத்ததும் இந்த வடிவத்தாலதான். டாஸ் காலத்துல திரை முழுக்க எழுத்துதான், எந்த இடத்துல எந்த எழுத்து இருக்குன்னு மெமரியிலயே இருக்கும். அதை எடுத்துக் குரலாப் படிக்கிற மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். ஐ.பி.எம்.ல ஜிம் தாட்சர் 80-கள்ல ஒண்ணு செஞ்சார். டெட் ஹென்டர்னு ஒருத்தர், மோட்டார் சைக்கிள் ரேஸரா இருந்தவர், 1978-ல கார் விபத்துல பார்வை போனது. புரோகிராமிங் கத்துக்கிட்டு கம்பெனி ஆரம்பிச்சார். அங்கிருந்து வந்ததுதான் ஜாஸ். 1989-ல டாஸுக்கு, 1995-ல விண்டோஸுக்கு.

நடுவுல இருக்கிற அந்த ஆறு வருஷம் பெரிய நெருக்கடி. விண்டோஸ்ல திரைங்கறது எழுத்து இல்லை, படம். மெமரியில வெறும் புள்ளிகள். ஆபீஸ் எல்லாம் விண்டோஸுக்கு மாறினப்ப, டாஸ்ல நல்லா வேலை பார்த்திட்டிருந்த பார்வையற்றவங்க வேலைக்கே ஆபத்து வந்தது. ஸ்கிரீன் ரீடர் எழுதினவங்க, விண்டோஸ் திரையில எழுத்து வரையறதுக்கு முன்னாடியே அதை வழிமறிச்சு, திரையோட ஒரு நகலைத் தனியா மெமரியில கட்டி, அதைப் படிக்க வச்சாங்க. என்ன உழைப்பு! அப்புறம் வெப் வந்தது. எச்.டி.எம்.எல்.ல மறுபடி எல்லாமே எழுத்தும் டேக்கும்தான். இது தலைப்பு, இது லிங்க், இது பட்டன்னு பேர் சொல்லிக் கொடுக்கும். கொஞ்ச காலம் எல்லாம் நல்லா போச்சு.

2000-கள் நடுவுல ஜிமெயில், கூகுள் மேப்ஸ் மாதிரி பக்கங்கள் வந்தப்ப அது உடைஞ்சது. பக்கம் ரீலோட் ஆகாமலே உள்ள இருக்கிறது மாறும். பார்க்கிறவங்களுக்கு அது வசதி. ஸ்கிரீன் ரீடருக்கோ, நீங்க நிக்கிற இடத்தைத் தாண்டி ஓரத்துல எது மாறினாலும் தெரியாது. சாட் விண்டோங்கறது முழுக்க இப்படிப்பட்டதுதான். நீங்க கேள்வி அடிச்சு அனுப்புறீங்க. பதில் மேல வருது. ஆனா உங்க கர்சர் கீழ டைப் பண்ற பெட்டியில இருக்கு. ஸ்கிரீன் ரீடர் அமைதியா இருக்கும். பதில் வந்ததா, பாட் செத்துப்போச்சா, ஒண்ணும் தெரியாது. ஜி.ஏ. காணாமப் போன இடம் இதுதான்.

இதைச் சரி பண்ண ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் டி.வி.ராமன். புனேல பிறந்தவர், 14 வயசுல பார்வை போனது, ஐ.ஐ.டி. பாம்பேல படிச்சு கார்னெல்ல பி.எச்.டி. பண்ணவர், அப்புறம் கூகுள். அவரும் சார்ல்ஸ் சென்னும் சேர்ந்து ஆக்ஸ்ஜாக்ஸ்னு ஒண்ணு செஞ்சாங்க. ஏற்கனவே இருக்கிற வெப் பக்கத்துக்குள்ள, "இங்க புதுசா ஒண்ணு வந்திருக்கு, படி"ன்னு ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ற குறிப்புகளைப் புகுத்தும். 2008-ல அவங்க எழுதின கட்டுரையில உதாரணமா எடுத்துக்கிட்டது என்ன தெரியுமா? கூகுள் சாட்ல இருந்த மொழிபெயர்ப்பு பாட். நீங்க ஒரு மொழியில அடிச்சா இன்னொரு மொழியில பதில் சொல்லும் பாட், அதைப் பார்வையற்றவர் காதால கேட்கிற மாதிரி பண்ணியிருந்தாங்க. சாட்பாட் அக்சஸிபிலிட்டியை இப்ப வந்த புது டிரெண்ட் மாதிரி பேசறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

அந்தக் குறிப்புகளுக்குப் பொதுவான பேர் ஏரியா. 2014-ல டபிள்யூ3சி அதை முறையான தரமா வெளியிட்டது. அதுல லைவ் ரீஜன்னு ஒரு விஷயம். அதுக்கு ரெண்டு குணம் கொடுக்கலாம். ஒண்ணு "பொலைட்": பயனர் கேட்டுட்டிருக்கிறது முடியட்டும், அப்புறம் சொல்லு. இன்னொண்ணு "அசர்ட்டிவ்": உடனே குறுக்க பேசு. "லாக்"னு ஒரு ரோலும் இருக்கு, சாட் மாதிரி கீழ கீழ சேர்ந்துட்டே போற பகுதிக்காகவே வச்சது. மரியாதைன்னே பேர் வச்சிருக்காங்க பாருங்க, மார்ஸ்டர்ஸ் காலத்து மரியாதைதான். 2018-ல வந்த டபிள்யூசிஏஜி 2.1, திரையில வர்ற நிலைச் செய்தி, கர்சரை நகர்த்தாமலே ஸ்கிரீன் ரீடருக்குப் போகணும்னு விதியாவே சேர்த்தது.

அப்ப பிரச்சினை தீர்ந்ததா? 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தது. அது பதிலைத் துண்டு துண்டா, டைப் பண்ற மாதிரி ஊத்தும். எல்லாரும் அந்த எஃபெக்டைக் காப்பி அடிச்சாங்க. அந்தப் பகுதியை யோசிக்காம லைவ் ரீஜன் ஆக்கினா, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா படிக்கும், இல்லைன்னா முதல்ல இருந்து மறுபடி மறுபடி படிக்கும். கேட்கிறவருக்கு அது திக்குற ரேடியோ. டெவலப்பரா என் கருத்து: பார்க்கிறவங்களுக்கு ஊத்திக்கோங்க, ஸ்கிரீன் ரீடருக்கு வாக்கியம் முடிஞ்சதும், இல்லைன்னா பதில் முழுசா வந்ததும் ஒரே தடவை கொடுங்க. சில வரி கோடுதான். கடினம் எதுவும் இல்லை, யாரும் டிக்கெட் போடாததால நடக்கலை.

சின்னச் சின்னதா இன்னும் இருக்கு. ஏடிஎம் கார்டு தொலைஞ்சுபோச்சு, பிளாக் பண்ணணும்னு வச்சுக்கோங்க. அந்த மிதக்கிற ஐகானுக்குப் பேரே கொடுக்கலைன்னா ஸ்கிரீன் ரீடர் வெறுமனே "பட்டன்"னு சொல்லும். உள்ள போனா டேப் கீயில வெளிய வர முடியாது. கை நடுங்குறவர், மெதுவா டைப் பண்றவர் பதில் அடிக்கறதுக்குள்ள, "நீங்க இல்லைன்னு நினைக்கிறேன், நன்றி"ன்னு செஷன் முடிஞ்சுடும். தமிழ்ல இன்னொரு தொல்லை. என்.வி.டி.ஏ. இலவச ஸ்கிரீன் ரீடர், மைக்கேல் கரன்ங்கற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல ஆரம்பிச்சது, தமிழையும் படிக்கும். ஆனா பாட் அனுப்புற தமிழ் வரிக்கு, இது தமிழ்னு கோடுல குறிக்கலைன்னா, இங்கிலீஷ் குரல் அதை அப்படியே தாண்டிப் போயிடலாம். பாட் தமிழ்ல பதில் சொல்லியிருக்கும், கேட்கிறவருக்கு மௌனம்.

காது கேளாதவங்க பக்கமும் வட்டம் திரும்புது. எழுத்து சாட் அவங்களுக்கு வசதிதான், ஆனா சைகை மொழியில வளர்ந்தவங்களுக்கு எழுத்துத் தமிழோ இங்கிலீஷோ ரெண்டாவது மொழி. பாட் வளவளன்னு அஞ்சு பத்தி கொட்டினா உதவாது. இப்ப கஸ்டமர் கேர் எல்லாம் வாய்ஸ் பாட்டுக்குப் போகுது, "உங்க பிரச்சினையைச் சொல்லுங்க"ன்னு. எழுத்து வழியே இல்லாம வாய்ஸ் மட்டும் வச்சா அது மறுபடி 1876. திக்கிப் பேசறவங்களையும் அது சேர்த்தே வெளிய தள்ளும்.

மறுபக்கமும் சொல்லணும். டென்மார்க்ல ஆரம்பிச்ச பி மை ஐஸ், பார்வையற்றவருக்கு வீடியோ காலில் தன்னார்வலர் கண்ணா இருக்கிற ஆப், 2015-ல வந்தது. 2023-ல ஜிபிடி-4 வந்தப்ப அதுல ஒரு பாட்டைச் சேர்த்தாங்க. போட்டோ எடுத்து அனுப்பி, மருந்து அட்டையில என்ன எழுதியிருக்குன்னு கேட்கலாம். அது தப்பாவும் சொல்லும், மருந்து விஷயத்துல அதை மட்டும் நம்ப முடியாது. ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரையும் எழுப்பாம ஒரு கேள்வி கேட்க முடியறது சின்ன விஷயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை வச்சு போன் பண்ணினவங்களைக் கேட்டா தெரியும்.

நம்ம நாட்டு நிலவரத்தோட முடிச்சுக்கறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு சேவைகளும் எல்லாரும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. 2025 ஏப்ரல் 30 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்குல தீர்ப்பு கொடுத்தது. ஆசிட் தாக்குதல்ல பாதிக்கப்பட்டவர் அவர், கண்ணைச் சிமிட்டச் சொல்ற கே.ஒய்.சி.யை முடிக்க முடியலை. நீதிபதிகள் பர்திவாலாவும், நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து போன மகாதேவனும் இருந்த அமர்வு, டிஜிட்டல் சேவையை அணுகற உரிமை அரசியலமைப்போட 21-வது பிரிவுல, வாழற உரிமைக்குள்ளயே வருதுன்னு சொல்லி, 20 உத்தரவு போட்டது. மெஷின் நிராகரிச்சா மனுஷர் ஒருத்தர் பார்த்து முடிவு பண்ற வழி இருக்கணும்ங்கறதும் அதுல ஒண்ணு. வழக்கு கே.ஒய்.சி. பத்தினதுதான். ஆனா அந்த வாதம் சாட்பாட் வாசல்ல நிக்காதுன்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியலை.

இந்த வாரம் ஒரு வேலை: என்.வி.டி.ஏ.வை இறக்கி, மவுஸைக் கழட்டி வச்சுட்டு, உங்க கம்பெனி சாட்பாட்கிட்ட ஒரு புகார் பதிவு பண்ணிப் பாருங்க. எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்கன்னு எனக்கு மெயில் போடுங்க. அடுத்த எபிசோட்ல காப்ட்சாவைப் பத்திப் பேசலாம்.