வெள்ளச் சேதக் குறைப்பு மானியம் (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தேசிய வெள்ள இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தில் சேர்ந்த கட்டடங்கள் மீண்டும் மீண்டும் நீரில் மூழ்கிப் பழுதுறாவண்ணம் காக்கும் பொருட்டு, மத்திய சர்க்கார் மாநிலங்களின் வாயிலாக உள்ளூர் ஆட்சிகளுக்கு அளிக்கும் நிதியுதவி.

வெள்ளத்துக்குப் பரிகாரம் அணையும் கரையுமே என்ற நம்பிக்கை மேலோங்கியிருந்த 1940-களில், குடியிருப்பை ஆற்றின் சுபாவத்துக்கு இசைய அமைத்துக்கொள்ளுதலும் விவேகமே என்று வாதித்தவர் புவியியலறிஞர் கில்பர்ட் ஒயிட். 1965-இல் பெட்ஸிப் புயல் லூயிசியானாவைப் பாழாக்கியதை அடுத்து, 1968-இல் வெள்ள இன்ஷ்யூரன்ஸ் சட்டம் பிறந்தது. பெருஞ்சேதமுற்ற வீடுகளைச் சர்க்காரே விலைக்கு வாங்க அதன் 1362-ஆம் பிரிவு இடமளித்த போதிலும், பணம் ஒதுக்கப்பெறாமையால் அது பல்லாண்டுகள் ஏட்டளவிலேயே நின்றது.

மிச்சிகன் ஏரிக்கரைப் பிரதிநிதி பிரெட் அப்டனும் வட கரோலினாக் கடற்கரைப் பிரதிநிதி வால்ட்டர் ஜோன்ஸும் கொணர்ந்து, 1988-இல் அமலுக்கு வந்த திருத்தம், கரையரிப்பால் சரியவிருக்கும் வீட்டுக்கு அது சரியுமுன்னரே நஷ்டஈடு தர முன்வந்தது. வீட்டைப் பெயர்த்து அப்பால் கொண்டுசெல்வோருக்கு இன்ஷ்யூரன்ஸ் மதிப்பில் 40 சதவீதம் வரையிலும், இடித்துவிடுவோருக்கு 110 சதவீதம் வரையிலும் கிடைத்தமையால், காப்பதினும் இடிப்பதையே அது ஊக்கியதென்று குறைகூறினோர் உண்டு. 1993-ஆம் ஆண்டு மிசிசிப்பிப் பெருவெள்ளத்தில் மூழ்கிய இல்லினாய்ஸின் வால்மேயர் என்னும் சிற்றூர், வேறு நிதிகளின் துணைகொண்டு, ஊரோடு ஊராகக் குன்றின்மேல் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம், மேற்கூறிய பிரிவையும் திருத்தத்தையும் நீக்கி, பாலிசிதாரர் செலுத்தும் தொகையினின்றே ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை எடுத்து இம்மானியத்தைத் தோற்றுவித்தது.

மானியத்தால் நடைபெறும் பணிகளுள் வீட்டை உயர்த்துதல் காணத் தக்கது. அஸ்திவாரத்தினின்று விடுவிக்கப்பட்ட வீட்டின் அடியில் எஃகு உத்தரங்களைச் செலுத்தி, பல ஜாக்கிகளை ஒருசேர இயக்கி, ஓடுகளும் ஜன்னல்களும் இருந்தபடியே இருக்க, அங்குலம் அங்குலமாக மேலேற்றி, பின்னர் அதன்கீழ்ப் புதிய சுவரையோ தூண்களையோ எழுப்புவர். உரிமையாளர் இசைந்து விற்ற வீட்டையோ இடித்துவிடுவர். அந்நிலம் என்றென்றும் திறந்தவெளியாகவே நிலவவேண்டும் என்பது சாசன நிபந்தனை.

அடிக்கடி நஷ்டமடையும் வீடுகளுக்கென 2004-இல் ஏற்பட்ட தனித் திட்டங்கள் 2012-இல் இதனுடன் இணைக்கப்பட்டன. அத்தகைய வீடுகள் மொத்தப் பாலிசிகளில் ஏறக்குறைய 1 சதவீதமே ஆயினும், நஷ்டஈட்டில் கால் பங்குக்கும் மேலாகப் பெற்றன என்பர், கணக்குகள் வேறுபடுகின்றன. செலவிடும் ஒரு டாலர் பிற்கால நஷ்டத்தில் எத்தனை டாலரை மிச்சப்படுத்தும் என்பதிலும் அபிப்பிராய பேதம் உண்டு. 5 என்றும் 7 என்றும் மதிப்பிட்டுள்ளனர். விண்ணப்பம் தயாரிக்க ஆளில்லாச் சிற்றூர்களை இவ்வுதவி எளிதில் எட்டுவதில்லை என்ற முறையீடும் நெடுநாளையது.

2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம், ஐந்தாண்டுகளில் 350 கோடி டாலரை இதற்கு ஒதுக்கியது.