கத்தரிக்கு முந்திய ஊசி

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபியர் மாபார் என்று அழைத்த இந்த நாட்டில் சட்டை வெட்டவோ தைக்கவோ தையற்காரர் ஒருவர்கூட இல்லை என்கிறார். எல்லாரும் வெற்றுடம்பாகவே திரிகிறார்களாம். அவரை விவரமறியாதவர் என்று ஒதுக்க முடியாது. முத்துக்குளிப்பில் கிடைப்பதில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கோடு எழுதியவர் அவர். ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால், வேட்டியும் பாயும் வலையும் புழங்கிய ஒரு கரையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவரே இல்லை என்றாகிவிடும். வெனிஸ் வணிகரின் கண் தேடியது துணியை உடம்பின் அளவுக்கு வெட்டுபவரை. வெறுமனே தைப்பவர் அந்தக் கண்ணுக்குத் தையற்காரராகப் படவில்லை.

இந்த வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘டெய்லர்’ பிரெஞ்சு மொழியில் வெட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; அந்தப் பெயருக்குக் கத்தரிதான் அடிப்படை. தமிழின் தையற்காரர் ஊசியால் பெயர் பெற்றவர். முள் தைத்தது, அம்பு தைத்தது, இலை தைத்தார்கள் என்கிறோமே, அந்தத் ‘தை’தான் இதுவும்: துளைத்து உள்ளே போவது, போய் இணைப்பது. பழைய சொல்லான துன்னகாரருக்கும் வேர் துன்னுதல்தான், அதாவது நெருங்கிப் பொருந்துதல். கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தைப்பது பொத்துவது. கைலி எனப்படும் சாரத்தின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதைத் தென்மாவட்டங்களில் இன்றும் ‘மூட்டுவது’ என்றே சொல்கிறார்கள். அதில் வெட்டு என்ற வேலையே கிடையாது. இத்தனை வினைகளில் ஒன்றுகூட வெட்டைக் குறிக்கவில்லை.

மறுப்பவர்கள் துணி என்ற சொல்லைக் காட்டலாம். துணித்தது துணி, அறுத்தது அறுவை, துண்டித்தது துண்டு. ஆடையின் பெயர்களே வெட்டிலிருந்து வந்திருக்கும்போது தமிழர் தொழிலில் வெட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? வலுவான கேள்விதான். ஆனால் இந்த வெட்டு தறியில் நடப்பது. நெய்து முடித்த பாவிலிருந்து ஒரு முழு ஆடையை அறுத்தெடுப்பது நெசவாளர், வணிகர் கை வேலை. சங்கப் புலவர் இளவேட்டனாருக்கு ‘மதுரை அறுவை வாணிகன்’ என்ற அடைமொழி வந்ததும் இப்படித்தான். அறுத்தெடுத்த ஆடையைத் தோளுக்கும் கைக்கும் தக்கபடி மறுபடி வெட்டுவது வேறு கலை. அதுவும் இங்கே அறியாததன்று. சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் என்ற சட்டை அணிந்த மாந்தர் வருகிறார்கள். புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரரும் இருக்கிறார். ஆனால் அவருக்கு அடுத்து நிற்பவர் தோல் தைப்பவர். துணியானாலும் தோலானாலும் இருவரையும் ஒரே தையல் வினையால்தான் பழந்தமிழ் அழைத்தது. முல்லைப்பாட்டில் சட்டைக்குள் உடம்பை நுழைத்து நிற்பவரும் யவனரே. தைத்த மேலாடை தெரிந்த பொருள்தான், ஊரார் அன்றாடம் உடுத்தும் பொருளாக இல்லை.

அதே முத்துக்குளித்துறையில் உள்ள மணப்பாட்டுக் கரைக்கு அந்த வெட்டுத் துணி கடல் வழியே வந்தது. 1530-களில் பரதவர் கிறித்தவம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். 1581-இல் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் எழுந்தது. அங்கியும் காற்சட்டையும் போட்ட அந்நியரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கரை இது. பொத்தான் என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. சன்னலும் சாவியும் அலமாரியும் அப்படித்தான். ஆனால் தையற்காரரைக் குறிக்கும் அவர்களுடைய ‘அல்ஃபயாத்தி’ தமிழில் வேரூன்றவில்லை. அதற்கான பெயர் இங்கே ஏற்கெனவே இருந்தது. பொத்தான் புதுப்பொருள், பெயரோடு வந்தது. அதை வைத்துத் தைக்கும் கை பழைய கை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அல்ஃபயாத்தி போர்த்துகீசியரின் சொந்தச் சொல்லும் அன்று, அரபியின் ‘கய்யாத்’. அதன் வேர் நூல். பாரசீகத்தின் ‘தர்ஜி’யும் தையல் மூட்டையே சுட்டுகிறது. இந்தியப் பெருங்கடலின் கரைமொழிகள் நூலின் பக்கம் நின்றதில் எனக்கு வியப்பில்லை. மரப்பலகைகளை ஆணியில்லாமல் தென்னை நார்க்கயிற்றால் தைத்துக் கடலில் விட்ட கரைகள் இவை.

பெயர் எப்படி இருந்தால் என்ன, இன்றைய தையற்காரர் அளவெடுத்து வெட்டத்தானே செய்கிறார் என்பார்கள். செய்கிறார். ஆனால் திருப்பூருக்குப் போய்ப் பாருங்கள். பனியன் கம்பெனியில் வெட்டுபவர் ‘கட்டிங் மாஸ்டர்’. கத்தரியே தொடாமல் தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘டெய்லர்’. வெட்டுபவரைக் குறித்துப் பிறந்த ஆங்கிலச் சொல் தமிழர் வாயில் தைப்பவருக்கு உரியதாகிவிட்டது. பழைய பொருள் புதுச்சொல்லுக்குள்ளும் புகுந்துகொண்டது.

ஆனால் மரியாதை மட்டும் அந்தப் பொருளோடு வரவில்லை. கடைவீதியில் பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவர் டெய்லர். வீட்டுத் திண்ணையில் சாரம் மூட்டி, கிழிசல் தைத்து, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கும் பெண் ‘தைக்கிற பொம்பள’. கூலியும் அந்த வேறுபாட்டின்படியே பேசப்படுகிறது. கத்தரி பிடித்தவர் தொழிலாளி, ஊசி பிடித்தவர் ஒத்தாசை என்ற இந்தப் பிரிவுக்குத் தமிழில் ஆதாரம் இல்லை. துன்னகாரர் என்ற பெயர் அவளுக்கும் உரியது. அடுத்த முறை கூலி பேசும்போது அவளைத் தையற்காரர் என்றே சொல்லுங்கள்.