போர்

கூத்தாநல்லூர்ப் பக்கம் ‘போர்’ என்றால் சண்டை கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். களத்துமேட்டில் வைக்கோல் போர். வயலுக்குப் போர் போட்டு இறைக்கும் தண்ணீர். துப்பாக்கி உரிமம் உள்ளவர் வீட்டில் ‘12 போர்’. முதலாவது தமிழ். மற்ற இரண்டும் துளையிடுவதைக் குறிக்கும் ஒரே ஆங்கிலச் சொல்: தரையைத் துளைத்தால் ஆழ்குழாய்க் கிணறு, இரும்பைத் துளைத்தால் துப்பாக்கிக் குழல்.

12 என்பது நீளமோ அகலமோ அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று சரியாக அடங்கும் குழல், சுமார் 18.5 மி.மீ. அதனால்தான் 16 போர் அதைவிடச் சிறியது! ரைபிளில் கணக்கு வேறு. 315 போர் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 315 பங்கு, அதாவது 8 மி.மீ.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் பழைய ரைபிளுக்குப் புதுக்குழல் மாட்டி, தோட்டாக் கூட்டின் கழுத்தையும் தாங்களே மாற்றிக்கொள்வதுண்டு. கடையில் கிடைக்காத அந்தத் தோட்டாவுக்கு அங்கே ‘காட்டுப்பூனை’ என்று பெயர். நல்ல பெயர்தான். நமக்கு உரிமத்தில் எழுதிய போர்தான் போர். வேட்டைக்குப் போகலாம் என்றாலோ, பக்கத்து வடுவூர் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம்.