சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் இயல்புநிலை அமைப்பும் இயங்குதள ஆதரவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

கணினியின் இயல்புநிலை அமைப்பு அதன் வன்பொருளுக்கு மிகப் பொருத்தமானது என்பது பொதுவான கருத்து. மேசைக்கணினிச் சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் வரலாறு இக்கருத்தை மறுக்கிறது. அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

வன்பொருளின் வளர்ச்சி

சாட்டா இடைமுகத்தின் முதல் விவரக்குறிப்பு 2001இல் வெளியானது. 2004இல் இன்டெல் நிறுவனம் ஏ.எச்.சி.ஐ. விவரக்குறிப்பை வெளியிட்டது. பழைய ஐ.டி.இ. முறையில் வன்வட்டு ஒரு கட்டளையை முடித்த பின்னரே அடுத்ததைப் பெறும். புதிய முறையில் 32 கட்டளைகள் வரை காத்திருக்கலாம். அவற்றை நிறைவேற்றும் வரிசையை வன்வட்டே முடிவு செய்யும். கணினி இயங்கும்போதே வட்டைக் கழற்றி மாட்டவும் இம்முறை இடமளித்தது.

இயங்குதளத்தின் தடை

2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் ஏ.எச்.சி.ஐ. இயக்கி இல்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து அதனை ஏற்ற வேண்டியிருந்தது. நெகிழ்வட்டு இயக்ககமே வழக்கொழிந்துவந்த காலம் அது. எனவே தாய்ப்பலகைகள் பல, பயாஸில் ஐ.டி.இ. முறையையே இயல்புநிலையாகக் கொண்டன. அதே காலத்தில் லினக்ஸ் கருநிரலின் 2.6 வரிசையில் இவ்வியக்கி இடம்பெற்றிருந்தது. ஆதலின் தடை வன்பொருளில் இல்லை என்பது தெளிவு.

2007இல் பொதுப்பயனரை அடைந்த விண்டோஸ் விஸ்டா இவ்வியக்கியுடன் வந்தது. ஆயினும் ஐ.டி.இ. முறையில் நிறுவப்பட்ட விஸ்டாவில் அது முடக்கப்பட்டே இருந்தது. பதிவேட்டைத் திருத்தாமல் பயாஸ் அமைப்பை மட்டும் மாற்றியவர்கள் 0x7B என்னும் பிழையுடன் நீலத்திரையைக் கண்டனர். நிறுவல் நாளின் அமைப்பு இவ்வாறு கணினியின் ஆயுள் முழுவதும் நிலைபெற நேர்ந்தது.

பிற்கால ஒப்பீடு

இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகள் கொண்ட கணினிகள் சிலவற்றில் வி.எம்.டி. முறை இயல்புநிலையாக அமைந்தது. அவற்றில் உரிய இயக்கியை ஏற்றாதவரை விண்டோஸ் 10 நிறுவி வட்டைக் காண்பதில்லை. முன்னர் இயல்புநிலை பழைய மென்பொருளுக்கு இணங்கியது. இங்கோ அது மென்பொருளை முந்திச் சென்றது.

முடிவுரை

முதல் நிலையில் வன்பொருளின் திறன் பயனரறியாமல் வீணாயிற்று; இரண்டாவதில் நிறுவல் தடைப்பட்டுக் குறை உடனே வெளிப்பட்டது. இயல்புநிலை அமைப்பு என்பது தொழில்நுட்பத் தேர்வு மட்டுமன்று. பொருந்தாமையின் சுமையை யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் வரலாற்றுச் சான்றுமாகும்.